பல்லுக்கு முன்னால் உமிழ்நீர்: வாய்த் திசுப் பொறியியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாய் மருத்துவத்திலும், உடலின் திசுக்களைப் புதிதாக வளர்த்தெடுக்கும் திசுப் பொறியியலிலும் ஆய்வு செய்யும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு 5 நாளாக 7 வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போய்விட்டது, அப்பா பிழைத்துவிட்டார். அதற்காக மருத்துவத்துக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள். ஆனால் கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கெடுத்துவிட்டதால், அன்றிலிருந்து அவர் வாயில் ஈரம் இல்லை. ஒவ்வொரு வாய் உணவுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். தொலைபேசியில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அப்பாவுக்குப் பல் இருக்கும்போதே சொல் போய்விட்டது.

அப்புறம் பல்லும் போக ஆரம்பித்தது. வழக்கமான சொத்தை கடைவாய்ப் பல்லின் குழிகளிலும் பல்லிடுக்கிலும் வரும். அப்பாவுக்கு வந்தது ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்தைச் சுற்றி வளைத்தது. கீழ்வரிசை முன்பற்கள் எப்போதும் உமிழ்நீரில் நனைந்தபடி இருப்பதால் அவை கடைசியில்தான் கெடும் என்று பல் மருத்துவர் சொன்னார். அப்பாவுக்கு அவைகூடத் தப்பவில்லை. கதிர்வீச்சு பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், கெட்ட பல்லைப் பிடுங்கவும் பயம். புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால்தான் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் போய், காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு ஃபுளோரைடு பூசத் தொடங்க வேண்டும். சிகிச்சை பெற்ற இடத்தில் இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உயிரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பல்லைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

2024-ல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில், பல் முளைக்க வைக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியபோது உறவினர்கள் பலர் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினார்கள். இனி அப்பாவுக்கும் புதுப் பல் வந்துவிடும் என்று ஒரு சித்தி அழுதேவிட்டார். நான் தேடிப் படித்தேன். பல் வளர்ச்சிக்குத் தடைபோடும் யூசாக்-1 என்ற புரதத்தை அடக்கும் மருந்து அது. பிறவியிலேயே பல் இல்லாதவர்களை மனதில் வைத்து உருவாக்கியது. அருமையான வேலை. பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான பற்கூழில் குருத்தணு (ஸ்டெம் செல்) இருப்பதை 2000-லும், விழுந்த பால்பல்லில் இருப்பதை 2003-லும் உங்கள் துறை கண்டறிந்தது என்று படித்தபோதும் எனக்கு மலைப்புத்தான். அந்த உழைப்பை ஒரு சொல்கூடக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் நீங்கள் வளர்த்துத் தரும் பல்லும் இதே வாயில்தானே இருந்தாக வேண்டும்? அப்பாவின் வாயில் நாளைக்கே ஒரு புதுப் பல் முளைத்தாலும், பழைய பல் போன வழியில்தான் அதுவும் போகும்.

உமிழ்நீர் வெறும் தண்ணீர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்ட பின் வாயில் ஊறும் அமிலத்தை அதிலுள்ள பைகார்பனேட் தணிக்கிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் pH என்ற எண் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். கரைந்த இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் உமிழ்நீர்தான். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எனாமலுக்கு இருக்கும் ஒரே பராமரிப்பு இந்த ஈரம். நாவில் சுவை தெரிவதற்கும், பொய்ப்பல் கட்டு அண்ணத்தில் பிடித்து நிற்பதற்கும், பூஞ்சை படராமல் இருப்பதற்கும் இதுவே வேண்டும். பொய்ப்பல் கட்டலாமா என்று கேட்டுப் பார்த்தோம். வறண்ட வாயில் அது நிற்காது, உரசிப் புண்ணாக்கும் என்றார்கள்.

உமிழ்நீருக்காக நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கட்டியை மட்டும் குறிவைத்துச் சுரப்பியை ஒதுக்கிக் கதிரைச் செலுத்தும் முறை எவ்வளவு உதவுகிறது என்று பார்ஸ்போர்ட் என்ற பிரிட்டிஷ் சோதனை 2011-ல் காட்டியது. பழைய முறையில் ஓராண்டுக்குப் பிறகும் 74% பேருக்கு வாய் மிதமாகவோ கடுமையாகவோ வறண்டிருந்தது; புதிய முறையில் அது 38%. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் அந்த 38% பேர் இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கழுத்தின் இருபுறமும் நோய் பரவியிருந்ததால் சுரப்பியை ஒதுக்க வழியில்லாமல் போயிற்று.

சுரப்பி கெட்ட பிறகு என்ன செய்வது? சுரக்கும் செல்கள் செத்துவிடுகின்றன, குழாய்ச் செல்கள் பெருமளவு தப்பிக்கின்றன. பைலோகார்பின் மாத்திரை மிச்சமிருக்கும் செல்லைத்தான் தூண்டும். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியதே தவிர எச்சில் ஊறவில்லை. தப்பிய குழாய்ச் செல்களையே நீர் விடச் செய்தால் என்ன என்று அமெரிக்காவில் ஒரு குழு யோசித்தது. தண்ணீரைக் கடத்தும் அக்வாபோரின்-1 மரபணுவைக் கன்னத்துச் சுரப்பிக்குள் செலுத்தி, 11 பேரிடம் சோதித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு ஈரம் கூடியது. டென்மார்க்கில் 30 பேரிடம் நடத்திய குருத்தணுச் சோதனை 2018-ல் வந்தது. 11 பேர், 30 பேர் என்ற எண்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கனக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 2009-ல் எலியின் வாயில் வேலை செய்யும் பல்லை வளர்த்துக் காட்டிய தகாஷி சுஜி என்ற ஆய்வாளரின் குழுவே, 2013-ல் உமிழ்நீர்ச் சுரப்பியையும் எலியில் வளர்த்துக் காட்டியது. பல்லைப் பற்றி எனக்குச் செய்தி அனுப்பிய ஒருவருக்கும் இரண்டாவது தெரியாது. பல் கண்ணுக்குத் தெரிகிறது, புகைப்படத்தில் சிரிக்கிறது. சுரப்பி கன்னத்துக்குள்ளேயும் தாடைக்கு அடியிலும் கிடக்கிறது. நிதி கொடுப்பவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்களோ என்று பயப்படுகிறேன்.

அதனால் என் வேண்டுகோள் இது. பல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. புதுப் பல்லை, புது எலும்பைச் சோதிக்கும்போது, வறண்ட வாயில் அது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். வாய் வறண்டவர்கள் பெரும்பாலும் சோதனைகளில் சேர்க்கப்படாமல் விலக்கப்படுகிறார்கள். அப்படி விலக்கினால் அதைக் கட்டுரையின் மூலையில் எழுதாமல் முகப்பிலேயே சொல்லுங்கள். சுரப்பியில் செய்த சோதனை தோற்றுப்போனால், தயவுசெய்து அதையும் வெளியிடுங்கள். என்னைப் போன்றவர்கள் நல்ல செய்தியை மட்டும் படித்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோகிறோம். கதிர்வீச்சு மருத்துவரையும் பல் மருத்துவரையும் முதல் நாளிலேயே ஒன்றாக உட்கார வைக்க வேண்டும் என்று உங்கள் மாநாடுகளில் உரக்கச் சொல்லுங்கள். இதற்கு எந்தக் கண்டுபிடிப்பும் தேவையில்லை.

கடைசியாக, அளவிடுவதைப் பற்றி. நோயாளியைக் குழாய்க்குள் துப்பச் சொல்லி, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கெடுக்கிறீர்கள். 0.1-க்குக் கீழே போனால் மோசம் என்பது அப்பாவுக்கும் மனப்பாடம். அது தேவைதான். ஆனால் அந்த எண் கொஞ்சம் ஏறிய நாளிலும் அப்பாவால் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிந்ததில்லை. ஆகவே அடுத்த சோதனைக்குப் படிவம் தயாரிக்கும்போது, இரவில் தண்ணீருக்காக எத்தனை முறை எழுந்தீர்கள் என்ற கேள்வியையும் அதில் சேருங்கள்.

அப்பா நேற்று இரவு 4 முறை எழுந்தார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்