ஜனவரியில் வருகிறவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

காலேஜ் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் ரசிகர்களை உசுப்பிவிட வாசிக்கிற உங்கள் பெப் பேண்டுக்கு ஆள் சேர்க்கும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாய். செப்டம்பரில் 40 பேர் வந்தார்கள், இப்போது பாதிகூட இல்லை, அடுத்த வருஷம் போஸ்டரைப் பெரிதாக அடிக்கப் போகிறேன் என்றும் சொன்னாய். போஸ்டர் கிடக்கட்டும். உன் ஹைஸ்கூல் பேண்டுக்கு உதவி செய்கிற பெற்றோர்களின் பூஸ்டர் கமிட்டியில் இருந்து யூனிஃபார்முக்கு பட்டன் தைத்தவள் நான், பஸ்ஸில் தலை எண்ணி ஏற்றியவள். ஐஸ் ஹாக்கி எனக்கு இன்றும் அரைகுறைதான். ஆனால் பிள்ளைகள் பேண்டை விட்டு ஏன் போகிறார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

ஆள் கிடைப்பது உனக்குப் பெரிய கஷ்டமில்லை. இந்த அமெரிக்காவில் ஐந்தாவது ஆறாவதிலேயே கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பெற்றவர்கள் வருஷக்கணக்கில் வாடகை கட்டுகிறோம். இன்ஜினியரிங் சேர்ந்ததும் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. உனக்கு வேண்டியவர்கள் அவர்கள்தான். கிளப் சேர்க்கை நாளில் "பேண்டில் சேர்கிறாயா?" என்று கேட்டால் "எனக்கு அவ்வளவு நல்லா வராது" என்று நழுவுவார்கள். "ஸ்கூலில் என்ன வாசித்தாய்?" என்று கேள். வாத்தியத்தின் பெயர் வாயில் வந்துவிட்டால் பேச்சு தானாக ஓடும். அது வீட்டில் இருக்கிறது என்றால் தேங்க்ஸ்கிவிங் லீவில் எடுத்து வரச் சொல், அதுவரை காலேஜ் வாத்தியத்தைக் கொடு. சூசஃபோன், பாரிட்டோன் சாக்ஸ் மாதிரி பெரிய ஊது வாத்தியங்களைப் பெரும்பாலும் யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. அதை வாசித்த பிள்ளைகள் நீ கொடுத்தால்தான் மறுபடி தொடுவார்கள். அப்புறம், மேசையில் நோட்டீஸை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்காதே. உன் டிராம்போனை எடுத்து வாசி.

ஃபுளூட்காரர்கள் நிறைய வருவார்கள். அந்த அரங்கில் டிரம்பெட்டுக்கு நடுவே அவர்கள் ஊதுவது பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காது. அதற்காகத் திருப்பி அனுப்பாதே. சிம்பலோ கௌபெல்லோ கொடு, ஆசை இருந்தால் மெல்லோஃபோன் என்கிற பித்தளை வாத்தியத்தைப் பழக்கு. ஆடிஷன் வைக்கலாமா என்று உங்களுக்குள் பேச்சு ஓடுகிறதாமே, எனக்கு அதில் இஷ்டமில்லை. கோல் விழுந்ததும் எழுந்து நின்று ஊத வேண்டிய இடம் அது. சுமாராக வாசிக்கிறவன் சந்தோஷமாக வந்து நின்றால் போதும்.

இனி, போகிறவர்கள் கதை. 20 நிமிஷ பீரியட் மூன்று. பக், அதாவது அவர்கள் அடித்து விளையாடும் அந்த ரப்பர் வட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது வாசிக்கக் கூடாது. விசில் ஊதினால் ஆரம்பிக்க வேண்டும், ஆட்டத்தை மறுபடி தொடங்கும் ஃபேஸ்-ஆஃபுக்குப் பக்கைப் போடுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். நடுவில் கிடைப்பது சில விநாடிகள். யாரோ ஒரு நம்பரைக் கத்துகிறார்கள், பழைய ஆட்கள் பாட்டுத் தாள்கள் இருக்கும் ஃபிளிப் ஃபோல்டரைப் புரட்டாமலே தொடங்கிவிடுகிறார்கள். புதிதாக வந்த பிள்ளை பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பேண்டை நடத்துகிறவரின் கை இறங்கிவிடுகிறது, பாட்டு முடிந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க இப்படியே போனால் என்ன தோன்றும்? நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றும். அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு வரும் மெசேஜில் லேப் ரிப்போர்ட் என்று இருக்கும். நீ அதை நம்பிக்கொண்டிருப்பாய்.

அதனால் முதல் ஆட்டத்துக்கு முன்பே அடிக்கடி வருகிற ஐந்தாறு பாட்டை மட்டும் பிரித்துக் கொடு. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் அதே வாத்தியம் வாசிக்கிற ஒரு சீனியரைப் பக்கத்தில் உட்கார வை. எந்தப் பக்கம் என்று காதில் சொல்ல ஒருவர் இருந்தால் அந்த ராத்திரியே வேறு மாதிரி இருக்கும். குளிரைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடு. ஐஸ் பக்கத்தில் பித்தளை வாத்தியங்களுக்கு சுருதி இறங்கிவிடும் என்பது உனக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. நல்ல காது உள்ள பிள்ளைகள் தப்பு தங்களுடையது என்று நினைத்துக் கூசிப்போவார்கள். சும்மா இருக்கும்போதும் உள்ளே சூடான மூச்சை ஊதிக்கொண்டே இருக்கச் சொல். மரக் கிளாரினெட் கொண்டு வருகிறவர்களிடம் பிளாஸ்டிக் ஒன்றைக் கொடு. அந்தக் குளிரில் மரம் விரிசல் விட்டால் யார் பதில் சொல்வது?

ஹௌட்டனில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழக பேண்டைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சராசரியாக வருஷத்துக்கு 200 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டுகிற ஊர். அங்கே அத்தனை பேரும் கோடு போட்ட ஓவரால் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தங்களை 'பேஸ்டிகளின் பெருமை' என்று சொல்லிக்கொள்கிறார்கள். செப்புச் சுரங்கத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கார்ன்வால்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போன கறிப் பலகாரம்தான் அந்த பேஸ்டி. அவர்கள் ஒரு வால்ட்ஸ் வாசிக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் கை கோத்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடினார்களே. அந்த உடை யாருக்கும் அழகாக இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி கோமாளியாக நிற்கும்போது யாருக்கு வெட்கம்? மாட்டிக்கொண்ட முதல் நாளே அவன் அந்தக் கூட்டத்து ஆள். உங்கள் போலோ சட்டையை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

டிசம்பர் கடைசிதான் நிஜப் பரீட்சை. செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் காலியாகிவிடும், ஆட்டம் மட்டும் நடக்கும். கிரேட் லேக்ஸ் இன்விடேஷனல் என்கிற காலேஜ் ஹாக்கி போட்டி கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் வரும். டெட்ராய்டில் நடந்துகொண்டிருந்த அது 2022-ல் கிராண்ட் ராபிட்ஸுக்குப் போனது. அந்த மாதிரி லீவு ஆட்டங்களுக்கு யார் வீடு பக்கம் என்று அக்டோபரிலேயே கேட்டு எழுதி வை, பழைய மாணவர்களையும் கூப்பிடு. ஜனவரியில் பனியைத் தள்ளிக்கொண்டு, பாதி காலியான அரங்கில் வந்து வாசிக்கிறார்களே ஏழெட்டுப் பேர், பிளே-ஆஃப் பஸ்ஸில் முதல் சீட் அவர்களுக்குத்தான் என்று வெளிப்படையாகச் சொல். பரம எதிரியோடு மோதும் சனிக்கிழமை மட்டும் தலைகாட்டுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அதற்காக வெள்ளி, சனி இரண்டு நாளும் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் போடாதே. வாரத்துக்கு ஒரு நாள் போதும். இரண்டு வாரம் காணவில்லை என்றால் குரூப்பில் பொதுவாகப் போடாமல், பேர் சொல்லித் தனியாக நீயே கேள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெக்ரோன் 50 வருஷம் பேண்டை நடத்தி 2019-ல்தான் ஓய்வு பெற்றார். எந்த விசிலுக்கு எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர் மாதிரி ஒருவர் மண்டையிலேயே இருக்கும். உங்களை நடத்துவது பிள்ளைகளே, நாலு வருஷத்தில் ஆட்கள் மொத்தமாக மாறிவிடுகிறீர்கள். கொரோனா காலத்தில், 2020-21-ல், பெரும்பாலான அரங்குகளில் ரசிகர்களே இல்லை. அந்த ஒரு வருஷ இடைவெளியில் கோஷங்கள் மறந்துபோனதை உன் சீனியர்கள் சொல்லிப் புலம்பியது நினைவிருக்கும். ஆகவே கை சைகை, கோஷம், பாட்டு நம்பர், எந்த அரங்கில் பேண்டுக்கு எந்த மூலை என எல்லாவற்றையும் எழுதி வை. அடுத்து யார் என்பதை மே மாதம் வரை இழுக்காமல் பிப்ரவரியிலேயே முடிவு செய், ஆட்டம் மிச்சமிருக்கும்போது உன் பக்கத்தில் நின்று பழகட்டும்.

அப்பத்தா போனில் "இன்னும் ஊதிக்கிட்டுத்தான் இருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "படிக்கவும் செய்யறானாமா?" என்றார். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

பேஸ் டிரம் அடிக்கிற அந்த இரண்டாம் வருஷப் பெண் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை என்றாயே, உனக்கு அடுத்து இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டாயா?

அன்புடன்,
அம்மா