‘வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு

எங்கள் தெருவாசிகள் அனைவருக்கும்,

வணக்கம். ஹரிக்கேன் புயல் கரை கடந்து மூன்று வாரமாகிறது. மின்சாரம் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி நன்றி சொல்லத்தான் நினைத்தேன். பாதிப் பேர் இன்னும் உறவினர் வீடுகளில் இருக்கிறீர்கள், அதனால் இந்த மடல்.

எங்களுக்கு உதவியவர்களை எண்ணிப் பார்த்தால், அநேகமாக எல்லாருமே நாங்கள் செய்யப்போன எதையோ தடுத்தவர்கள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

முதலில் எதிர்வீட்டுப் பெரியவர். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏணிக்குக் கீழே வந்து நின்று, “அது கண்ணாடியைக் காப்பாற்றாது. உடைந்தால் பெரிய பெரிய துண்டாகப் பறந்து வரும், அவ்வளவுதான்” என்றார். போனவர் தன் வீட்டில் மிச்சமிருந்த ஒட்டுப்பலகைகளோடும் டிரில்லோடும் வந்தார். எங்கள் கராஜ் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்ததும் அவர்தான். அந்தக் கதவு உள்வாங்கிவிட்டால், புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கிவிடுமாம். 1992-ல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் அப்படித்தான் பல கூரைகள் போயின என்றார். எனக்கு அதுவரை கராஜ் கதவு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்கா. இவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்த பிறகும், “ஒன்றாம் வகைப் புயல்தானே, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை எப்படி அலைக்கழிப்பது?” என்று சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் விடவில்லை. “ஒன்று, இரண்டு என்று போடுவது காற்றின் வேகத்துக்கு மட்டும். மணிக்கு 119 கிலோமீட்டரில் ஒன்றாம் வகை தொடங்கும். கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்று அந்த எண்ணில் இருக்காது” என்றார். சொன்ன கையோடு அம்மாவின் மாத்திரைகள், மருந்துச்சீட்டு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கட்டினார். தலைக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் என்று மூன்று நாளுக்கான தண்ணீரையும் காரில் ஏற்ற வைத்தார். இன்று எங்கள் சுவரில் நீர் நின்ற கோடு அம்மாவின் கட்டிலுக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது.

முகாமில் வாசல் காத்த தம்பி, உன் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. நள்ளிரவில் காற்று சட்டென்று நின்றது. வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரிந்தது. காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினவனை வழிமறித்து, “இது புயலின் கண், அண்ணே. இன்னும் பாதி பாக்கி இருக்கு” என்றாய். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எதிர்த் திசையிலிருந்து அடித்தது பாருங்கள்! முதல் பாதியில் சாய்ந்து நின்ற மரங்கள் மறுபாதியில் விழுந்தன.

திரும்பி வரும்போது சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் காலையிலிருந்து நின்று கார்களைத் திருப்பி அனுப்பிய இருவருக்கும் நன்றி. முழங்கால்கூட நனையாது என்று வாதாடினேன். ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே காரைத் தள்ளிக்கொண்டு போய்விடுமாம். அறுந்து கிடந்த கம்பிகளைத் தொடாதபடி பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருந்த கடைசி வீட்டுத் தாத்தாவுக்கும்.

மாடி வீட்டுக் கல்லூரி மாணவிக்குத்தான் மிகப் பெரிய கடன். மழை தூறுகிறதே என்று ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து, கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்தேன். ஓடி வந்து ஜெனரேட்டரை நிறுத்தினாள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னல்கள் பக்கம் வராதபடி வைக்கச் சொல்லி, தன் நீள ஒயரையும் கொடுத்தாள். அம்மா அன்று கராஜை ஒட்டிய அறையில் படுத்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஈரப் படுக்கைகளைத் தூக்கிப் போட வந்தவர்கள், சேறு வாரியவர்கள், இருட்டில் கம்பம் ஏறிய மின் ஊழியர்கள் எல்லாருக்கும் நன்றி.

பெரியவரே, உங்கள் பலகைகளைக் கழற்றி, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் எழுதிக் காயவைத்து அடுக்கியிருக்கிறேன். டிரில் ஊசி ஒன்று உடைந்துவிட்டது. புதிது வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிறன்று கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
மூலை வீட்டுக் குடும்பத்தார்