காதுக்கென்றே ஆடும் ஆட்டங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பாட்காஸ்ட் கட்டுரையை ரயிலிலேயே இரண்டு முறை படித்தேன். ரோல்பிளேயிங் விளையாட்டு ஆடுபவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து தொடராக வெளியிடுவதைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. ரொம்பச் சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தி ‘கிரிட்டிகல் ரோல்’ என்ற ஒரே பெயரைச் சொல்லி, முதல் பகுதியிலிருந்து கேளுங்கள் என்று முடிந்துவிட்டது. புதிதாக வருபவரை அங்கே அனுப்புவது, நீச்சல் பழக வந்தவரை ஆடிப்பெருக்கன்று காவிரியில் இறக்கிவிடுவது மாதிரி. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அரக்கோணத்திலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள். போக வர மூன்று மணி நேரம் காது மட்டும்தான் சும்மா இருக்கும். சில வருஷமாக அந்த நேரம் முழுவதும் இந்த ஆட்டங்களுக்கே போகிறது.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது, உள்ளே ஏதோ முனகுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்பார். ஒருத்தர் கதவை உடைப்பேன் என்பார், இன்னொருத்தர் காதை வைத்துக் கேட்பேன் என்பார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது பக்கமுள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும், கதை நடத்துபவரும்தான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த ஆட்டம் இது. அதன் வழியில் இன்று எத்தனையோ ஆட்டங்கள் வந்துவிட்டன.

சரி, கிரிட்டிகல் ரோலுக்கு வருகிறேன். அது நல்ல தொடர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டப்பிங் கலைஞர்கள் சிலர் 2012-இல் ஒரு பிறந்தநாளுக்காக வீட்டில் ஆட ஆரம்பித்தது, 2015 மார்ச்சில் இணைய நேரலையாக மாறியது. கதை நடத்துபவர் மாத்யூ மெர்சர். 2019-இல் ஒரு கார்ட்டூன் படத்துக்காக ரசிகர்களிடம் ஏழரை லட்சம் டாலர் கேட்டார்கள், ஒரு கோடியே 13 லட்சம் வந்து சேர்ந்தது. அவ்வளவு அன்பைச் சம்பாதித்தவர்கள். ஆனால் நேரலை தொடங்கியபோது அவர்கள் கதை ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருந்தது. முதல் பகுதியில் நுழைந்தால் யார் யாருக்கு என்ன உறவு, எதற்காகச் சுரங்கத்துக்குள் போகிறார்கள் என்று தலை சுற்றும். ஒவ்வொரு பகுதியும் மூன்று நான்கு மணி நேரம். முதல் கதைக்கு மட்டும் 115 பகுதிகள். எல்லாவற்றுக்கும் மேலாக அது கண்ணால் பார்ப்பதற்கென்று ஆடிய ஆட்டம். மேசையில் சின்னச் சின்னப் பொம்மைகளை நகர்த்தி, நான் இங்கே வந்தால் அவன் கைக்கு எட்டுவேனா என்று கேட்பார்கள். ‘இங்கே’ என்றால் எங்கே? ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

காதுக்கென்றே செய்த தொடர்கள் வேறு ரகம். அவற்றில் முதலில் கேட்க வேண்டியது ‘தி அட்வென்ச்சர் ஸோன்’. ஜஸ்டின், டிராவிஸ், கிரிஃபின் என்ற மூன்று மெக்கல்ராய் சகோதரர்களும் அவர்களுடைய அப்பா கிளின்ட்டும் ஆடுவது. அப்பா மேற்கு வர்ஜீனியாவில் வானொலியில் பல வருஷம் வேலை பார்த்தவர். 2014-இல் ஜஸ்டின் வீட்டில் குழந்தை பிறக்கும் சமயம், தங்கள் வழக்கமான நகைச்சுவைத் தொடரில் இடைவெளி விழக்கூடாது என்று ஒரே ஒரு தடவைக்காகப் பதிவு செய்தார்கள். அது பிடித்துப்போய்த் தனித் தொடரானது. ‘பேலன்ஸ்’ என்ற அதன் முதல் பெருங்கதை 69 பகுதிகள் ஓடி 2017 ஆகஸ்டில் முடிந்தது.

ஆரம்பத்தில் விதிகள் அவர்களுக்கே சரியாகத் தெரியாது. அப்பா தன் மந்திரம் எந்த வரியில் இருக்கிறது என்று தாளைத் தேடுவார், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே நமக்கும் ஆட்டம் பழகிவிடும். ஜஸ்டின் தன் மந்திரவாதிக்கு டாக்கோ என்று பெயர் வைத்தது வெறும் கிண்டலுக்கு. மெக்சிகோக்காரர்களின் தின்பண்டத்துப் பெயரையே கொஞ்சம் மாற்றிய பெயர் அது. ஐம்பது பகுதிகளுக்குப் பிறகு அந்த டாக்கோ ஒரு கொடுமையான இடத்தில் மாட்டிக்கொள்கிறான். சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அது கேட்பதைக் கொடுத்தால்தான் அடுத்த அறைக்குப் போகலாம். அவன் கொடுத்தது தன் அழகை. ஜஸ்டின் அதற்குச் சம்மதிக்கும் முன் ஒரு கணம் தயங்குவது போலிருந்தது எனக்கு. எழுதி வைத்து நடித்திருந்தால் அந்தத் தயக்கம் வந்திருக்காது. அன்றைக்கு வில்லிவாக்கத்தில் இறங்க மறந்து பெரம்பூரில் போய் இறங்கினேன். கிண்டலில் தொடங்கிய பெயருக்காக மனசு கனப்பது எப்படி என்பதை இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பின்னணி இசையையும் கிரிஃபினே போட்டிருக்கிறார்.

அப்புறம் ‘ஃப்ரெண்ட்ஸ் அட் தி டேபிள்’. ஆஸ்டின் வாக்கர் நடத்துவது, 2014-இலிருந்து வருகிறது. எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான தொடர் இதுதான். இதில் ஒரே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டார்கள், கதைக்குத் தகுந்த ஆட்டத்தைத் தேடி எடுப்பார்கள். ‘மேரியெல்டா’ என்ற சிறு தொடரில் தொடங்குங்கள். அங்கே முதலில் ‘தி கொயட் இயர்’ ஆடுகிறார்கள். ஏவரி ஆல்டர் உருவாக்கிய ஆட்டம். இதில் ஒரு சீட்டுக்கட்டும் ஒரு வெள்ளைத் தாளும்தான் முக்கியம். 52 சீட்டும் 52 வாரம், நான்கு ஜாதிச் சீட்டும் நான்கு பருவம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஊரில் ஏதாவது நடக்கும், ஒருவர் அதைத் தாளில் வரைவார். குளிர்காலத்துச் சீட்டுகளில் ராஜா வந்தால் ஆட்டம் முடிந்தது. இப்படி ஒரு நகரத்தை நம் காதுக்கு முன்னாலேயே கட்டி எழுப்பிவிட்டு, அடுத்து ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ என்ற திருட்டுக் கும்பல் ஆட்டத்தை அதே தெருக்களில் ஆடுகிறார்கள். அவர்கள் ஓடி ஒளியும் சந்து எதனால் அங்கே வந்தது என்று நமக்குத் தெரிந்திருக்கும். சொந்த ஊர் மாதிரி ஆகிவிடும்.

நாடகம் போலச் சத்தங்களோடு நேர்த்தியாக வேண்டும் என்பவர்களுக்கு 2023-இல் தொடங்கிய ‘வேர்ல்ட்ஸ் பியாண்ட் நம்பர்’. பிரென்னன் லீ மல்லிகன் கதை சொல்லும் விதத்துக்காகவே கேட்கலாம். சிரிக்க வேண்டுமென்றால் ‘டன்ஜன்ஸ் அண்ட் டாடீஸ்’, காணாமல் போன பிள்ளைகளைத் தேடி மாய உலகத்துக்குள் வேனோடு போய் விழுந்த நான்கு அப்பாக்களின் கதை. பேச்சு கொஞ்சம் பச்சையாக இருக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். நம் பக்கத்து வாசனை வேண்டுபவர்கள் ஜாஸ்மின் புல்லர் நடத்திய ‘தேசி குவெஸ்ட்’டைத் தேடிப் பார்க்கலாம். ஆடுகிற எல்லாருமே தெற்காசிய வம்சாவளியினர். அது வீடியோதான், எனவே வீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாமே ஆங்கிலம், அதுவும் அமெரிக்க வேகம். முதல் இரண்டு மூன்று பகுதிகளுக்கு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களின் பெயரையும் ஆடுபவர் பெயரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டால் குழப்பம் வராது. என் கைப்பையில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன கோடை விடுமுறையில் அக்கா மகள் வந்திருந்தாள், பத்து வயது. இவ்வளவு கேட்ட தைரியத்தில் நானே அவளுக்குக் கதை நடத்தினேன், தமிழில். இருபது பக்கப் பகடை வீட்டில் இல்லை. ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதிச் சுருட்டி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். பாழடைந்த கிணற்றுக்குள் ஒரு கதவு இருக்கிறது என்றேன். “சித்தி, நான் திறக்க மாட்டேன். தட்டுவேன். உள்ளே இருக்கிறவங்க தூங்கிட்டு இருந்தா?” என்றாள். நான் யோசித்து வைத்திருந்த ராட்சசனை அப்படியே விட்டுவிட்டு, தூக்கம் கலைந்த ஒரு கிழவியை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அவள் எடுத்த சீட்டு பதினெட்டு. கிழவி கோபப்படாமல் உள்ளே கூப்பிட்டாள்.

அடுத்த தடவை இந்தப் பொருளில் எழுதும்போது நான் சொன்னவற்றுக்கும் இடம் கொடுங்கள். இவற்றைக் கேட்டுவிட்டு வாசகர்கள் யாராவது எழுதினால் அதையும் தயவுசெய்து வெளியிடுங்கள். முக்கியமாக, வீட்டில் தமிழில் ஆடிப் பார்த்தவர்கள் எழுதினால்.

அன்புடன்,
ஒரு வாசகி,
அரக்கோணம்.