மீன்பாடி வண்டி அண்ணனுக்கு நன்றி

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். சென்னை வியாசர்பாடிப் பக்கம் சரக்கு வண்டி உள்ளே வர வழியில்லை. பாலும் தண்ணீர் கேனும் விடிகாலை வந்து அன்றே தீர்பவை. தெருக்கடையில் மறுநாள் கையிருப்பே கிடையாது. ஒரு நடை தவறினால் தெருவே காலி.

மூங்கில் கழியால் மேன்ஹோல் குழி பார்த்துப் பார்த்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியைத் தள்ளிவந்த அண்ணே, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். சரக்கு அடுக்கியதிலேயே உங்கள் விவரம் தெரிந்தது. 20 லிட்டர் கேன் ஆறு, அதுவே 120 கிலோ. வண்டி சாயாமல் அச்சுக்கு நேர் மேலே, கயிறு போட்டு. மேலே இரட்டைப் பையில் பால்பவுடர். கொடுக்கும் முன், "வெந்நீர் வைக்க கேஸ் இருக்கா?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதை நிவாரணம் தருபவர்கள் பலர் கேட்பதில்லை. வெள்ளத் தண்ணீரில் கலக்கிய பால், குழந்தைக்கு வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

இன்சுலினை ஐஸில் படவிடாமல் துணி சுற்றி தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்தீர்கள். வேண்டியது 2 முதல் 8 டிகிரி. உறைந்துவிட்டால், உருகிய பிறகும் வீரியத்தை நம்ப முடியாது, தூக்கித்தான் போடணும். பார்க்க மட்டும் நல்ல மருந்துபோலவே இருக்கலாம்.

பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது, அண்ணே. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.