இறந்த வீரர்களோட மனைவிங்க ராணுவ ஆபீசரா சேர 35 வயசு வரம்பைத் தளர்த்தணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ராணுவத்துல சர்வீஸ்ல இருக்கும்போதே இறந்துபோற வீரர்களோட மனைவிங்க ஆபீசரா சேர ஷார்ட் சர்வீஸ் கமிஷன்ல (குறிப்பிட்ட சில வருஷத்துக்கு மட்டும் ஆபீசரா எடுக்கிற முறை) தனி வழி இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. எழுத்துத் தேர்வு கிடையாது, நேரா எஸ்எஸ்பி (ராணுவ ஆபீசர் தேர்வு வாரியம்) இன்டர்வியூ, அப்புறம் மெடிக்கல், பாஸானா நம்ம சென்னை பரங்கிமலையில இருக்கிற மாதிரி ஓடிஏவுல (ராணுவ ஆபீசர் பயிற்சி அகாடமி) ட்ரெய்னிங். சண்டையில இறந்திருக்கணும்னு இல்ல, பணியில இருக்கும்போது நோய்ல போயிருந்தாலும் செல்லும். வயசு வரம்பு மட்டும் 35. மத்த பொண்ணுங்களைவிட இது அதிகம்தான், நல்ல விஷயம்தான், ஆனா ஜவான் வீட்டுப் பொண்ணுங்களுக்கு இது பத்தல.

எங்க வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரங்க இருக்கிற ஊர் உண்டு. இந்தப் பக்கம் ஜவானுக்குக் கட்டிக் குடுக்கிற பொண்ணுங்கள்ல நிறைய பேருக்கு ப்ளஸ் டூ முடிச்சதுமே கல்யாணம் ஆயிடுது. எங்க அக்காவுக்கும் அப்படித்தான். மாமா சர்வீஸ்ல இருக்கும்போதே தவறிட்டாரு, அதுக்கப்புறம் பென்ஷன் பேப்பருக்கு அலைஞ்சு, புள்ளைங்கள ஸ்கூல்ல சேர்த்து, மாமியாரையும் பாத்துக்கிட்டு, அஞ்சல் வழியில டிகிரி படிச்சு முடிக்கிறதுக்குள்ள 35 தாண்டிப் போச்சு. டிகிரி இல்லாம அப்ளை பண்ண முடியாது, டிகிரி வந்தப்ப வயசு இல்ல, அப்ப அவ எப்பத்தான் அப்ளை பண்ணியிருக்க முடியும்? ஒரு ஆபீஸ்ல போய் விசாரிச்சா வயசு ஆயிடுச்சும்மான்னு அனுப்பிட்டாங்க, தளர்வு கேட்டு யாருக்கு மனு போடணும்னு கேட்டதுக்குப் பதிலே இல்ல.

தளர்வு குடுத்ததே இல்லையான்னா, குடுத்திருக்காங்க. 2015 நவம்பர்ல குப்வாராவுல வீரமரணம் அடைஞ்ச கர்னல் சந்தோஷ் மகாடிக்கோட மனைவி ஸ்வாதி மகாடிக், ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா, வயசு வரம்பைத் தாண்டினவங்க. அவங்களுக்கு வயசுல மட்டும் விலக்கு குடுத்தாங்க, மத்த எல்லாத்தையும் அவங்களே ஜெயிச்சு 2017 செப்டம்பர்ல இதே பரங்கிமலையில இருந்து ஆபீசரா வெளிய வந்தாங்க. அதைப் படிச்சப்ப எங்க அக்கா அழுதுட்டா. அவங்களுக்குக் கிடைச்சது ரொம்ப நியாயம், நான் கேக்கிறது ஒரு சிப்பாயோட மனைவிக்கும் அதே கதவு திறக்கணும்னுதான். கர்னல் வீட்டம்மாவுக்கு யாரைப் பாக்கணும்னு தெரியும், கிராமத்துல இருக்கிறவளுக்கு யார் சொல்றது?

வயசானா உடம்பு தாங்காதுன்னு சொல்றாங்க. டெரிட்டோரியல் ஆர்மியில 42 வயசு வரைக்கும் ஆபீசரா எடுக்கிறாங்களே, அது வேற வேலை பாத்துக்கிட்டே செய்ற சர்வீஸ், அதனால அக்கா மாதிரி ஆளுங்களுக்கு ஒத்துவராது, ஆனா 42ல யூனிஃபார்ம் போட முடியும்னு ராணுவமே ஒத்துக்கிட்ட மாதிரிதானே. ஓட்டம், மெடிக்கல், இன்டர்வியூ எதுலயும் சலுகை வேணாம், தகுதி இல்லன்னா அங்கயே தள்ளிவிடட்டும். வயசை மட்டும் கணவர் இறந்த தேதியில இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும்னோ, இல்ல 40 வரைக்கும்னோ விதியா எழுதி வைக்கணும், ஆளுக்கு ஆள் கெஞ்சிக் கேட்டு வாங்கிற மாதிரி இருக்கக்கூடாது.

நம்ம எம்பிக்கள் இதை பார்லிமென்ட்ல கேக்கணும். உங்க பேப்பர்லயும் ஒவ்வொரு தடவை நோட்டிஃபிகேஷன் வர்றப்ப இந்தத் தனி வழியைப் பத்தித் தமிழ்ல போட்டீங்கன்னா, இன்னும் 35 ஆகாத பொண்ணுங்களாவது நேரத்துல அப்ளை பண்ணுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்