ஏணி மேலிருந்து குரல் கொடுத்த அண்ணனுக்கு

வணக்கம்.

தை மாதம் ஒரு காலையில், ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில், காட்டுமாட்டுக்கு எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் நான்தான். இப்போது காலில் மாவுக்கட்டோடு சேலத்தில் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு உதவியவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. வலியில் கேட்கத் தோன்றவில்லை. யார் எங்கே நின்றார்கள், என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லித்தான் நன்றி சொல்ல முடிகிறது. இதைப் படிக்கிறவர்களுக்கு அவர்களைத் தெரிந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

முதல் நன்றி மிளகு பறித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு. சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, இருபதடி உயரத்தில் நின்றிருந்தீர்கள். கீழே மூடுபனியில் நான் வந்துகொண்டிருந்தேன். காதில் பாட்டு வேறு. மகளின் நாய் திடீரென்று நின்று, முதுகு மயிர் சிலிர்த்து, குரைக்க ஆரம்பித்தது. நான் அதைத் திட்டி இழுத்தேன். அப்போதுதான் காப்பிச் செடிகளுக்கு நடுவே பாறை என்று நினைத்திருந்தது தலையைத் தூக்கியது. பதினைந்து இருபது அடிதான் இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் நாலு காலும் வெள்ளை, பள்ளிக்கூடப் பையன் காலுறை மாட்டியதுபோல. ஈர மூக்கிலிருந்து ஆவி வந்தது.

அப்புறம் அது மெதுவாக உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நின்றது. சரி, போகப் போகிறது என்று நினைத்துப் போனை எடுத்தேன். உங்கள் குரல் மேலிருந்து வந்தது அப்போதுதான். "சார், அது போகல. ஒடம்பக் காட்டுது. போன உள்ள வைங்க. நாயி கயித்த விட்டுடுங்க." நான் விடவில்லை. மகள் என்ன சொல்வாளோ என்ற யோசனை. "நாயத் தேடி வர்ற மாடு உங்க மேலதான் வரும், விடுங்க சார்!" என்றீர்கள். விட்டேன். நாய் ஒரு பக்கம் ஓடியது, முதுகைக் காட்டாமல் நான் பின்னாலேயே நகர்ந்தேன். நாலாவது அடியில் கால் சாலையோரக் கால்வாய்க்குள் போய்விட்டது. மாடு ஒருமுறை பலமாகச் சீறியது, பிறகு செடிகள் ஒடியும் சத்தத்தோடு மேட்டில் ஏறிப் போய்விட்டது. நான் விழுந்ததில் மாட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன். எங்கள் தெருவில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏணியைப் பிடித்திருந்த அக்கா, உங்கள் தலைத்துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை அவிழ்த்து என் கணுக்காலைச் சுற்றிக் கட்டினீர்கள். துவைத்த பிறகும் மிளகு வாசனை லேசாக வருகிறது. கட்டிக்கொண்டே திட்டினீர்கள்: "பனி எறங்கிக் கெடக்கையில ஊர்க்காரங்களே தனியா வர மாட்டோம், நீங்க நாயி வேற கூட்டிட்டு வர்றீங்க." நான் குடியிருந்த வாடகை வீட்டில் தண்ணீர் வரும் நேரம், டிவி ரிமோட்டுக்கு எந்த பேட்டரி என்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள். இதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிக்அப் வண்டித் தம்பி, காப்பி மூட்டைகளின் மேல் என்னைப் படுக்க வைத்து ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டு, சேலம் போய்விடுங்கள் என்றதும், வேறு வண்டி பார்க்கச் சொல்லாமல் நீங்களே இறக்கிவிட்டீர்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து, "இன்னும் பதினாலு சார்", "இன்னும் ஒம்பது சார்" என்று எண்ணிக்கொண்டே வந்தீர்கள். அடிவாரம் வந்ததும் எனக்கு வலியே பாதி குறைந்த மாதிரி இருந்தது. டீசலுக்குப் பணம் நீட்டினால் டீ போதும் என்றுவிட்டீர்கள்.

மறுநாள் போனில் விசாரித்த வனக்காவலருக்கும் நன்றி. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் கடா அது என்றார். நன்றாக வளர்ந்த கடா ஆயிரம் கிலோவை எட்டுமாம். நான் எவ்வளவு பெரியவன் பார் என்று காட்டத்தான் பக்கவாட்டில் நிற்குமாம், எதிராளி விலகிவிட்டால் அதற்கும் வேலை மிச்சம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் பட்டியலில் இதுவும் இருக்கிறது என்றார். "காட்டெருமைன்னு பேருதான் சார், அது மாட்டு ஜாதி" என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. 31 வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் நான். சங்கப் பாட்டில் 'ஆமா' வரும்போதெல்லாம் 'காட்டுப்பசு' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எப்படி சார் இருக்கும் என்று கேட்ட பிள்ளைகளிடம், மாடு மாதிரிதான்டா இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

கடைசியாக, எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நாயைப் பிடித்துச் சாக்குக் கயிற்றில் கட்டி, சோறு போட்டு, சாயங்காலம் மகள் வந்ததும் ஒப்படைத்தீர்கள். ஒரே நாளில் அதற்குக் 'கருப்பன்' என்று புதுப் பெயரும் வைத்துவிட்டீர்களாம். இங்கே நாங்கள் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது யோசித்துத்தான் திரும்பிப் பார்க்கிறது.

மாசிக் கடைசியில் கட்டுப் பிரிப்பார்கள். தலைத்துண்டைக் கொடுக்க நேரில் வருகிறேன். வெயில் ஏறிய பிறகுதான் வருவேன் அக்கா, நாயை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டு.