பிறர் சொல்வதை எப்போது நம்பலாம்: ஆசிரியையான மகளுக்கு ஒரு கடிதம்

கோண்டாவில்,
12.05.2024

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இத்தவணையில் மெய்யியல் செயற்றிட்டம் ஒன்றைச் செய்யவிருக்கிறார்கள் என்றும், ‘உண்மை என்றால் என்ன’ என்பதைத் தலைப்பாகத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்றும் நேற்றுச் சொன்னாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரியம் அல்ல என்பதால் எழுதுகிறேன். அந்தத் தலைப்பை விட்டுவிடச் சொல். பதினேழு வயதுப் பிள்ளை மூன்று மாத காலத்தில் அதற்குள் இறங்கினால், ஐந்தாறு நூல்களின் முன்னுரைகளைத் தொகுத்து எழுதுவதைத் தவிர வேறு வழியிராது. இருபத்தெட்டு ஆண்டுகள் அளவையியல் கற்பித்தபோது அத்தகைய கட்டுரைகளை நிறையவே திருத்தியிருக்கிறேன்; எழுதிய பிள்ளை என்ன நினைத்தது என்பதை அவற்றில் ஒன்றிலும் நான் கண்டதில்லை.

அதற்குப் பதிலாக, ‘பிறர் சொல்வதை எப்போது நம்பலாம்’ என்று கேட்கட்டும். 2014ஆம் ஆண்டையொட்டிச் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மாமி வீட்டுக் கிணற்றில் அள்ளிய வாளியை வெயிலில் வைத்து, நீர்ப்பரப்பில் வர்ணப் படலம் விரிகிறதா என்று நாம் குனிந்து பார்த்தது உனக்கு நினைவிருக்கும். படலம் கண்ணுக்குத் தெரிந்தது, அது காண்டல். அடுத்த வளவுக் கிணறு அன்று தெளிவாகவே இருந்தது என்றாலும், இரண்டுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் ஓடுவது ஒரே நீர்தான் என்பதால் அங்கும் அது வந்து சேரும் என்று மாமா ஊகித்துச் சொன்னது கருதல். பின்பு ஓர் அறிக்கை அச்சமில்லை என்றது, இன்னொன்று குடிக்கக் கூடாது என்றது. ஆய்வுகூடம் இல்லாத நாம் எவர் சொல்லை, அதாவது உரையை, எந்தக் காரணத்தால் ஏற்பது? மாமி வீட்டில் அன்று ஒரு குவளை தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்த வாக்குவாதத்தில், உன் மாணவர்களுக்கு வேண்டிய மெய்யியல் முழுவதும் இருந்தது.

இப்படி ஒரு வினாவோடு போனால் பழைய நூல்கள் தாமாகவே திறக்கும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், அறிவைப் பெறும் வழிகளான அளவைகள் ஆறு என்பாரையும் மேலும் நான்கு சேர்ப்பாரையும் குறிப்பிட்டுவிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். மணிமேகலையிலோ பௌத்தத் துறவியான அறவண அடிகள் புத்தரின் அளவை இரண்டே என்று, உரையைத் தனி அளவையாகக் கொள்ளாமல் விடுகிறார். கண்ணுக்குத் தெரியும் உலகமே உண்மை என்னும் உலகாயதனுக்குக் காண்டல் ஒன்றே போதும். மேற்கே, 1748இல் வெளிவந்த நூலில் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், அற்புதங்களைப் பற்றிய சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்ந்தார். மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏன் வேறுபடுகிறார்கள் என்பதை ஒரு பிள்ளை தன் சொற்களில் விளக்கிவிட்டால் செயற்றிட்டத்தில் பாதி முடிந்தது. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற குறளோடு கட்டுரையை முடித்துவிட மட்டும் விடாதே. அங்கிருந்துதான் வினா தொடங்குகிறது.

எழுதும் முறையைச் சித்தியாரின் பரபக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு பிற மதமும் முதலில் அதன் தரப்பாகவே சொல்லப்பட்டு, அதன் பிறகே மறுக்கப்படுகிறது. ‘உரையை நம்பவே கூடாது’ என்பவனுடைய வாதத்தை, அவனே வாசித்து ‘ஆம், இதுதான் என் கருத்து’ என்று ஒப்பும் அளவுக்கு இரண்டு பக்கம் எழுதிக் காட்டாத பிள்ளைக்கு மறுப்பு எழுத அனுமதி கொடாதே. இதில் மட்டும் நீ கண்டிப்பாக இருக்க வேண்டும்.

குறிப்பெடுப்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1980இல் பல்கலைக்கழகக் கட்டுரைக்காக யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மாதக்கணக்கில் வாசித்தேன். கலியாண அழைப்பிதழ்களை வெட்டி, பின்புறத்தில் குறிப்பெழுதுவேன். அவசரத்தில் பல அட்டைகளில் நூலின் பெயரையோ பக்க எண்ணையோ எழுதவில்லை. எப்போதும் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினேன். 1981இல் நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதன் பின் அந்த மேற்கோள்களில் ஒன்றையும் என்னால் கட்டுரையில் சேர்க்க முடியவில்லை, ஏனெனில் அவை மூலநூலின் சொற்களா, என் சுருக்கமா என்பதை எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உன் பிள்ளைகள் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். அப்படி வாசித்தாலும் ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் எழுதிய பிறகே குறிப்பை எழுதட்டும்.

முதல் இரண்டு வாரங்களும் நூல் எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரிடம், கேட்டு நம்பிப் பின்பு பொய்யென்று கண்ட ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதட்டும். உங்கள் முல்லைத்தீவில் மூத்தவர்கள் பலருக்குச் சில நினைவுகள் இன்னும் ஆறாத காயம். ஆகவே அவர்கள் சொல்ல விரும்பாததைத் துருவிக் கேட்கக் கூடாது என்பதையும், சொன்னவரின் சம்மதமில்லாமல் பெயர் எழுதக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடு.

என் சித்தியார் உரைப் பிரதியை வெள்ளிக்கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் வரும் உன் தோழியிடம் கொடுத்துவிடுகிறேன். அளவைப் பகுதியில், பக்க எண் இல்லாத என் பழைய அட்டை ஒன்றையும் செருகி வைத்திருக்கிறேன். அதை வகுப்பில் காட்டு.

அன்புடன்,
அப்பா